நாணல்துறையைக் கொடுத்த தலைவர்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. ஒரு புகாரில் பிறந்தது. புகார் சொல்லப் போனவள் நான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கொண்டோவில் எனக்கு நேர் கீழ்வீடு குகனுடையது. காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்க்கும் பையன். முப்பது வயதைத் தாண்டியவனைப் பையன் என்பது என் வயதின் கொழுப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியமானால் அவன் வீட்டுக்கு நண்பர்கள் வருவார்கள். சிரிப்பார்கள், மேசையைத் தட்டுவார்கள். அது எனக்குப் பழகிப்போன சத்தம்.

அன்றைக்கு வந்தது வேறு சத்தம்.

"தலைவரைக் கொண்டாந்து சந்தையில நிறுத்து! இன்னைக்கே நிறுத்து!" இது ஒரு பெண்ணின் குரல்.

"நாப்பதாயிரம் பேருக்கு விடுதலை வாங்கிக் குடுத்தவன நிறுத்துவியா நீ?" இது ஓர் ஆணின் குரல்.

அந்த நேரத்தில் நான் ஒரு வார இதழுக்காக முருங்கைக்கீரையின் நற்பலன்கள் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். (எழுத்தாளர் என்றால் இதையும்தான் எழுத வேண்டியிருக்கிறது. சிரிக்காதீர்கள்.) கீரையை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். வாயில் ஒரு நல்ல ஏச்சைத் தயாராக வைத்திருந்தேன்.

குகன் கதவைத் திறந்தான். "சாரிக்கா. சத்தம் ஜாஸ்தி ஆயிடுச்சா?"

"யாரை நிறுத்தப் போறீங்க?" என்று கேட்டேன்.

ஏச வந்த வாய் எப்படிக் கேள்வி கேட்டது என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்தக் கேள்விதான் இந்தக் கதை. குகன் கதவை அகலத் திறந்து, "உள்ள வாங்கக்கா, சொல்றேன்" என்றான்.

2

இதை எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்குப் பெரிய தடுமாற்றம். முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஏழாற்று நாட்டின் தென்கோடியில், கடல் வெண்மையாய் உறைந்து கிடக்கும் உப்புவெளியில், அடிமையாய்ப் பிறந்த ஒருவன் முதன்முறையாகத் தலைநிமிர்ந்தான். வானம்"

வானம் என்ன செய்தது என்று தெரியவில்லை. வானத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம் இது:

"கிள்ளானுக்குத் திரும்பக் கிளம்பியபோதே பெடரல் ஹைவேயில் ஜாம். பிரவின் காரை ஓட்டினான். பக்கத்தில் மனைவி லோகேஸ்வரி. இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூட"

இது நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவர்கள் ஏன் பேசிக்கொள்ளவில்லை என்பதைச் சொல்ல நான் பின்னால் ஓட வேண்டும். முட்டியில் வலி உள்ளவளுக்கு அது ஆகாது.

மூன்றாவது:

"குகன் வீட்டு மேசையில் ஒரு விளையாட்டு நடந்தது. அதில் ஒரு தலைவர் இருந்தார். அவர் நல்லவர்."

இதில் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று வாக்கியமும் உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அந்த விளையாட்டுக்குக் கணினி வேண்டாம், திரை வேண்டாம். ஒரு மேசை, சில பகடைகள், பேசத் தெரிந்த சில வாய்கள் போதும். குகன் ஒரு கற்பனை நாட்டைச் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் அதில் ஆளுக்கு ஒரு பாத்திரமாக இருந்து, தங்கள் ஆள் என்ன செய்கிறான், என்ன பேசுகிறான் என்று சொல்வார்கள். சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும். அவ்வளவுதான்.

மேசையைச் சுற்றி மூன்று பேர். பிரவின் துறைமுகத்தில் சரக்குக் கிடங்கு மேற்பார்வையாளர். அதோடு கிள்ளானில் அவன் வீடு இருக்கும் தாமானின், அதாவது குடியிருப்புப் பகுதியின், சங்கத் தலைவரும்கூட. அடைத்துக் கிடந்த சாக்கடையைத் தூர்வார வைத்தவன், எரியாத தெருவிளக்கை எரிய வைத்தவன். லோகேஸ்வரி அவன் மனைவி, இடைநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியர். மூன்றாவது ஆள் செராஸிலிருந்து வரும் சேவுகன். நிஜத்தில் கணக்காய்வாளர். அதனால்தானோ என்னவோ விளையாட்டில் திருடன்.

லோகேஸ்வரியின் பாத்திரம் ஒரு மருத்துவச்சி. பிரவினுடைய பாத்திரம்தான் ஆதிரன்.

ஆதிரனைப் பற்றி அவர்கள் சொல்லச் சொல்ல எனக்கு அவனைப் பிடித்துப்போனது. ஏழாற்று நாட்டில் உப்பளத்தின் அருகே பிறக்கிற பிள்ளை எதுவானாலும் அது உப்பளக்காரருக்குச் சொந்தம். அப்படிப் பிறந்தவன் ஆதிரன். ஓடி, ஒளிந்து, ஆள் சேர்த்து, கடைசியில் உப்பளத்தார் சபையிலேயே நுழைந்து அந்த வழக்கத்தைச் சட்டத்தால் ஒழித்தான். கிரீடம் கொடுத்தார்கள், வேண்டாம் என்றான். நாற்காலியில் உட்காராமல் முக்காலியில் உட்கார்ந்தான். அதோடு, ஆள்கிற எவரையும் யார் வேண்டுமானாலும் சந்தைவெளிக்கு அழைத்துக் கேள்வி கேட்கலாம் என்று ஒரு சட்டமும் போட்டான். கேள்விச் சட்டம் என்று பெயர்.

"இந்தச் சட்டம் யாரோட ஐடியா?" என்று கேட்டேன்.

"என்னோடதுதான்" என்றான் பிரவின், கடுப்போடு.

[இடையில் ஒரு சின்னக் கட்டுரை, வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்: மாயநாட்டுக் கதைகளில் நமக்கு இரண்டு வகை ஆட்சியாளர்கள் நன்றாகப் பழக்கம். ஒருவர் கறுப்பு அங்கி போட்ட கொடியவர், இன்னொருவர் வெள்ளைக் குதிரையில் வருகிற நல்லவர். சீர்திருத்தம் செய்கிறவர் இந்த இரண்டிலும் அடங்க மாட்டார். அவர் நல்லதைச் செய்கிறார். அந்த நல்லதுக்குப் போகிற வழியில் வேறு ஏதோ ஒன்றையும் செய்துவிடுகிறார். விலங்கு உடைகிற இடத்தில் இசை உயர்ந்து கதை முடிந்துவிடுவதால், அந்த வேறு ஏதோ ஒன்றை நாம் யாரும் பார்ப்பதில்லை. குகனின் விளையாட்டு செய்த ஒரே தவறு, விலங்கு உடைந்த பிறகும் தொடர்ந்து நடந்ததுதான்.]

4

ஆதிரன் செய்த அந்த வேறு ஏதோ ஒன்று இதுதான்.

சட்டம் நிறைவேறச் சபையில் ஒரு வாக்கு குறைந்தது. பெருவழுதி என்ற கிழட்டு உப்பளக்காரர் அந்த வாக்கைத் தருவதாகச் சொன்னார். பதிலுக்கு ஆற்றுமுகத்தில் இருந்த நாணல்துறை என்ற சிற்றூரைக் கேட்டார். கடல்நீரை உள்ளே விட்டால் அது அருமையான உப்பளமாகும். அங்கே இருக்கிறவர்கள் மட்டும் போய்விட வேண்டும்.

இது நடந்தது போன வருடம், இதே மேசையில். பிரவின் கையில் உளுந்துவடை இருந்ததாம். குகன் பெருவழுதியின் குரலில் விலையைச் சொல்லி முடித்ததும், பிரவின் வடையைக் கடித்துக்கொண்டே, "குடுத்துடு. அடுத்து என்ன?" என்றானாம்.

அடுத்து வாக்கெடுப்பு. சட்டம் நிறைவேறியது. நாற்பதாயிரம் பேர் விடுதலை. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். சேவுகன் அன்றைக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தானாம்.

நாணல்துறையை மறந்துபோனார்கள். வேண்டுமென்று மறைக்கவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவுவது போல, நினைவே இல்லாமல் கழுவிவிட்டார்கள்.

5

நான் கீழே இறங்கி வந்த அந்த ஞாயிறு, நான் வருவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் நடந்ததை இனிச் சொல்கிறேன். நான் நேரில் பார்க்கவில்லை. நான்கு பேரும் ஒரே நேரத்தில் சொன்னதைக் கேட்டு எழுதுகிறேன்.

சேவுகனின் திருடன் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. படகு வேண்டும் என்றான். சரி, ஒரு ஓடக்காரி இருக்கிறாள் என்றான் குகன்.

"பேரு?"

குகன் பெயர் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்தது. "மழையம்மா" என்றான்.

"எந்த ஊரு மழையம்மா?" என்று சேவுகன் சும்மாதான் கேட்டான். திருடன் என்றால் நாலு வார்த்தை பேசிக்கொண்டே மடியைத் தடவலாம் இல்லையா.

"நாணல்துறை" என்றான் குகன். அந்தப் பெயர் ஏன் வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லையாம். பிறகு மழையம்மாவின் குரலிலேயே தொடர்ந்தான்: "இப்ப ஊரு இல்லப்பா. உப்புதான் இருக்கு. அங்க படகு ஓட்ட முடியாது, அதான் இங்க ஓட்டுறேன்."

அவள் அழவில்லை, சபிக்கவில்லை. துடுப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள், அவ்வளவுதான்.

சேவுகன் அவள் மடியைத் தடவாமல் கையை எடுத்துக்கொண்டான். லோகேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நாணல்துறை... அந்த ஊரை நாமதானே குடுத்தோம்?"

பிரவின்தான் முதலில் வாய் திறந்தான். "சரி லா, அது போன வருசக் கதை. மேல போவோம்."

"இரு. எப்படி மேல போறது?" என்றாள் லோகேஸ்வரி.

அங்கிருந்துதான் சத்தம் என் வீட்டுக்கு ஏறியது.

6

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகு நடந்தது என் காதால் கேட்டது.

லோகேஸ்வரி சொன்னாள்: "என் மருத்துவச்சி மழையம்மாவக் கூட்டிக்கிட்டு சந்தைவெளிக்குப் போறா. கேள்விச் சட்டப்படி தலைவரக் கூப்பிடுறா."

பிரவின் என்னைப் பார்த்துத் திரும்பினான். புதிய சாட்சி கிடைத்த சந்தோஷம். "அக்கா, நீங்களே சொல்லுங்க. அந்த உப்பளக்காரனுங்க தலைமுறை தலைமுறையா மனுசன அடிமையா வச்சிருந்தானுங்க. எவனாவது ஒரு கேள்வி கேட்டானா? கேக்கல. நான் வந்து எல்லாத்தையும் மாத்துனேன். உடனே என்னக் கூப்பிட்டு நிறுத்துறாங்க. நல்லது செய்றவன்தான் கூண்டுல ஏறணும்னா, ஒண்ணுமே செய்யாம வீட்டுல குந்திக்கிட்டு இருந்திருக்கலாமே."

அது நல்ல வாதம். இதை எழுதுகிற இந்த நிமிடம்வரை அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

லோகேஸ்வரியிடம் இருந்தது.

"அவனுங்களக் கேட்டா அடிப்பானுங்க. அதான் யாரும் கேக்கல. உன்னக் கேட்டா பதில் சொல்லுவன்னு நம்பித்தானே கேக்குறோம்."

பிரவின் பகடைகளை அள்ளித் துணிப்பையில் போட்டான். "இது விளையாட்டு. நான் ஞாயித்துக்கிழமை வர்றது ரெஸ்ட் எடுக்க. தாமான்லயும் ஏச்சு வாங்கிட்டு இங்கயும் ஏச்சு வாங்க முடியாது." எழுந்தவன் வாசலில் நின்று, "வரியா, இல்ல உங்க மழையம்மா படகுல வீட்டுக்கு வரியா?" என்றான்.

லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அடக்கிக்கொண்டு போனாள். அதனால்தான் பெடரல் ஹைவேயில் இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. (இப்போது அந்த இரண்டாவது தொடக்கத்தை நீங்கள் முடித்துக்கொள்ளலாம்.)

7

இந்த இடத்தில் எனக்கு மழையம்மாவின்மேல் ஒரு சந்தேகம் வந்தது.

அவளை நம்ப முடியவில்லை என்றில்லை. அவள் இருக்கிற விதம்தான் உறுத்தியது. ஒரு திருடனுக்கு ஆறு கடக்க வேண்டியிருந்ததால் உண்டானவள். மழை பெய்ததால் பெயர் கிடைத்தவள். தலைவரின் மனசாட்சியைத் தட்டி எழுப்ப வேண்டும் என்பதற்காக ஊரை இழந்தவள். நம் கதைகளில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் இப்படித்தான் வருகிறார்கள். நாயகன் நல்லவனா என்று சோதிக்கத் தேவைப்படுகிற அன்றைக்கு வந்து நிற்பார்கள். சோதனை முடிந்ததும் வாசல்வழியே போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எங்கே சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே நான் அவளுக்கு ஒரு வாழ்க்கை கொடுக்கப் பார்த்தேன். "மழையம்மாவுக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் உப்புக்காற்றில் இருமி இருமி" என்று எழுதி நிறுத்திவிட்டேன். கண்ணீர் வரவழைக்க ஒரு பெண் குழந்தைக்கு இருமலைக் கொடுத்தேன் பாருங்கள். பெருவழுதியே தேவலாம்.

பிறகு குகனிடம் கேட்டேன். "அந்த ஓடக்காரிக்கு என்ன பிடிக்கும்?"

அவன் யோசித்தான். "தெரியலக்கா. ஆனா பாட்டு பாடுவான்னு தோணுது. ரொம்ப மோசமாப் பாடுவா. அதனால அவ படகுல யாரும் தூங்க முடியாது."

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அவள் எனக்கு ஆளானாள்.

8

அடுத்த ஞாயிறு பிரவின் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. லோகேஸ்வரி மட்டும் குகனுக்குத் தகவல் அனுப்பினாள்: "தலைவர் தலைமறைவு."

குகன் மாடிக்கு வந்தான். முகம் விழுந்திருந்தது. படிக்கிற காலத்திலிருந்து பிரவினும் அவனும் நண்பர்கள். ஒரு கற்பனை ஊரால் நிஜ நட்பு போய்விடுமோ என்று அவனுக்குப் பயம்.

"நான் அந்தப் பேரைச் சொல்லாம இருந்திருக்கலாம்கா. வேற ஏதாவது ஊரு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்தான். அப்ப மழையம்மா எங்க போவா?"

"அவ நிஜம் இல்லையேக்கா."

"பிரவினுக்குக் கோவம் வந்தது நிஜம்தானே?"

அதை எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது. மூன்றாவது ஞாயிறு காலையில் குகன் கார் எடுத்தான். சேவுகன் முன்னால், நான் பின்னால். கிள்ளானுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினோம்.

பிரவின் வாசலில் கைலியோடு நின்று வாளியில் நண்டு கழுவிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் நண்டைப் பார்த்தான், மறுபடி எங்களைப் பார்த்தான்.

"பசியாறிட்டீங்களா?" என்று கேட்டான்.

"இல்ல" என்றான் சேவுகன். உண்மையில் வழியில் மூன்று ரொட்டி சானாய் சாப்பிட்டிருந்தான்.

"அப்ப உள்ள வாங்க. ஆனா ஒண்ணு, விளையாட்டுப் பேச்சு கூடாது."

"கூடாது" என்றோம் எல்லோரும்.

நண்டு அடுப்பில் ஏறி, மிளகு வாசனை கூடத்துக்கு வந்ததும், விளையாட்டுப் பேச்சை எடுத்தவன் பிரவினேதான்.

"நான் யோசிச்சுப் பார்த்தேன். ஆதிரன் பதவிய விட்டுடுறான். முக்காலியத் தூக்கிப் போட்டுட்டுக் காட்டுக்குப் போயிடுறான். சரிதானே?"

லோகேஸ்வரி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "சரியில்ல. பதவிய விட்டா உனக்குப் பேரு இன்னும் கூடும். அப்புறம் சிலை வைப்பாங்க."

"அப்ப கடல்ல குதிச்சிடுறான்."

"செத்துட்டா பதில் சொல்ல வேணாம், அதானே?"

பிரவின் குகனைப் பார்த்தான். குகன் கூரையைப் பார்த்தான். சேவுகன் நண்டு எப்போது வேகும் என்று பார்த்தான்.

"சரி" என்றான் பிரவின் கடைசியில். "சந்தைவெளிக்கு வரேன்."

9

அந்தக் கூடத்தில் இருந்த காப்பி மேசைதான் சந்தைவெளி.

குகன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லத் தொடங்கினான். கூட்டம் கூடியிருக்கிறது. விடுதலையானவர்கள் ஆதிரனை வாழ்த்திக் கத்துகிறார்கள். ஓரத்தில் பெருவழுதி பல்லக்கில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார். நடுவில் மழையம்மா, துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு.

"சட்டப்படி கேள்வி கேக்கப்படுறவர் நிக்கணும். கேட்டவங்க உட்காரச் சொல்ற வரைக்கும் நிக்கணும்" என்றான் குகன்.

"அப்படியா எழுதினேன்?"

"அப்படித்தான் சொன்ன. நல்லா இருக்கும்னு சொன்ன."

பிரவின் எழுந்து நின்றான். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

குகன் மழையம்மாவின் குரலை எடுத்தான். "தலைவரே, ஒண்ணுதான் கேக்கணும். எங்க ஊரக் குடுக்கறதுக்கு முன்னாடி எங்களப் பத்தி என்ன நெனச்சீங்க?"

பிரவின் பகடையைக் கையில் எடுத்தான். ஆதிரனுக்கு அந்த விளையாட்டிலேயே மிக உயர்ந்த பேச்சுத்திறன். எந்தக் கூட்டத்தையும் மயக்கிவிடுவான். உருட்டினால் அநேகமாக ஜெயித்துவிடுவான், இது மேசையில் எல்லோருக்கும் தெரியும்.

"உருட்டணும்னா உருட்டு. விளையாட்டு விதியில இடம் இருக்கு" என்றான் குகன்.

பிரவின் பகடையை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு அதைச் சேவுகனிடம் கொடுத்துவிட்டுப் பேசினான். அது ஆதிரனின் குரலா, அவனுடைய குரலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நெனைக்கல."

குகன் காத்திருந்தான்.

"ரொம்ப யோசிச்சு, ரெண்டையும் எடை போட்டுப் பார்த்து, மனசு வலிக்க வலிக்கக் குடுத்தேன்னு சொல்லலாம்னு வந்தேன். வழி பூரா அதத்தான் மனப்பாடம் பண்ணேன். ஆனா அது பொய்ம்மா. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். உங்க ஊருல எத்தன பேருன்னு கேக்கல. உங்க பேரு என்னன்னு கேக்கல. ஒரு வாய் வடையத் தின்னு முடிக்கறதுக்குள்ள குடுத்துட்டேன்."

பிரவின் கைலியை மறுபடி இறுக்கிக்கொண்டு தொடர்ந்தான்.

"மறுபடியும் அதே நிலைமை வந்தா என்ன செய்வேன்னு தெரியல. நாப்பதாயிரம் பேரு இருக்காங்க இந்தப் பக்கம். ஒருவேளை மறுபடியும் குடுத்தாலும் குடுப்பேன். ஆனா நாணல்துறைக்கு வந்து, உங்க முன்னாடி நின்னு, உங்க மூஞ்சியப் பார்த்து சொல்லிட்டு, நீங்க ஏசறத முழுசாக் கேட்டுட்டு, அப்புறம்தான் குடுப்பேன். அதுக்கப்புறம் நீங்க எங்க போவீங்கன்னும் கேப்பேன். அதச் செய்யல. அதுதான் நான் பண்ண தப்பு."

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். வாயெடுத்தான், பிறகு மூடிக்கொண்டான். மன்னிப்புக் கேட்டால் பதிலுக்கு அவள் ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும் என்று தோன்றியதாகப் பின்னால் சொன்னான்.

அப்போது லோகேஸ்வரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"நீ ஏன் நிக்கிற? நீதானே என்னைக் கூப்பிட்ட?" என்றான் பிரவின்.

"என் மருத்துவச்சியும் அன்னைக்கு அந்த மேசையிலதான் இருந்தா. அவளும்தான் கைதட்டினா."

சேவுகன் நாற்காலியில் நெளிந்தான். "திருடனுக்கும் இது பொருந்துமா?"

"ஐஸ்கிரீம் வாங்கித் தந்த இல்ல?" என்றாள் லோகேஸ்வரி.

சேவுகனும் எழுந்தான். முழுக்க நிமிரவில்லை, பாதிதான். நான் சிரித்துவிட்டேன்.

10

இப்போது மழையம்மா பதில் சொல்ல வேண்டும். குகன் வாயைத் திறந்தான். அவள் குரலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை.

"எனக்குத் தெரியல" என்றான். "அவ என்ன சொல்லுவான்னு நிஜமாவே தெரியல. அக்கா, நீங்கதான் எழுத்தாளர். நீங்க சொல்லுங்களேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முருங்கைக்கீரை பற்றி யாராவது கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். எனக்கும் தெரியவில்லை.

கடைசியில் லோகேஸ்வரிதான் முடித்து வைத்தாள். கணவனின் தோளை அழுத்தி, "நீ உட்காரு. ஆதிரன் நிக்கட்டும்" என்றாள். பிரவின் உட்கார்ந்தான். நண்டு வந்தது. சேவுகன் ரொட்டி சானாயை மறந்து சாப்பிட்டான். குகனும் பிரவினும் எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்து, ஒருவர் தட்டில் இன்னொருவர் கைவைத்துக் கொடுக்கு உடைத்தார்கள். நட்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது. குகனுக்கும் தெரிந்திருக்கும்.

(இங்கே ஒரு சம்பவம். இதைச் சேர்க்க வேண்டாம் என்று என் கை தடுக்கிறது, ஏனென்றால் ரொம்பவும் பொருந்தி வருகிறது. பிரவினின் தாமானில் மண்டபத்துக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று சாப்பாட்டுக் கடை வரிசையை வேறு இடத்துக்கு மாற்றச் சங்கம் முடிவு செய்திருந்தது. ஒரு அறிவிப்பை ஒட்டினால் போதும். பிரவின் ஒட்டவில்லை. ஒரு சாயங்காலம் ஒவ்வொரு கடையாகப் போய்ச் சொன்னான். தோசைக்கடை இந்திரா ஆன்டி அவனை நிற்க வைத்து ஏசியிருக்கிறார். "முழுசாக் கேட்டேங்கா. நான் நெனைக்காத ரெண்டு விசயம் சொன்னாங்க" என்றான் போனில். கடைகள் மாறுமா மாறாதா என்பது இன்னும் முடிவாகவில்லை. செயற்கை என்று நீங்கள் நினைத்தால் இந்த அடைப்புக்குறியைத் தூக்கிவிட்டுப் படியுங்கள்.)

மழையம்மாவின் பதிலுக்கு நான் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவள், "உட்காருங்க தலைவரே" என்கிறாள். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மறுநாள் படித்தால், என் கதை சந்தோஷமாக முடிய வேண்டும் என்பதற்காக அவள் மன்னித்தது போல இருந்தது. கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் அவள் ஒன்றும் சொல்லாமல் துடுப்போடு திரும்பிப் போகிறாள். ஆதிரன் இருட்டும்வரை நிற்கிறான். மிகக் கம்பீரமாக வந்தது. ஆனால் பல்லக்கில் இருந்த பெருவழுதி அதை ரசித்துச் சிரிப்பது எனக்குக் கேட்டது. எதற்கும் பதில் சொல்லாத அந்த ஆள் உட்கார்ந்தே இருக்கிறார், பதில் சொன்னவன் மட்டும் நிற்கிறான். அதையும் கிழித்தேன்.

மூன்றாவது சேவுகன் சொன்ன யோசனை. "அவளையே தலைவராக்கிடுங்கக்கா. பிரச்சின தீர்ந்துச்சு." குகன் உடனே கேட்டான்: "அவ கேட்டாளா?"

அந்தக் கேள்வியோடு நான் எழுதுவதை நிறுத்திக்கொண்டேன். அவளைக் கேட்காமல் அவள் ஊரைக் கொடுத்தார்கள். அவளைக் கேட்காமல் நான் அவள் பதிலையும் எடுத்துக் கொடுப்பதாவது. குகனும் அந்த இடத்திலிருந்து விளையாட்டை நகர்த்தவில்லை. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வேறு நாட்டுக் கதை ஒன்றை விளையாடுகிறார்கள். அதில் பிரவின் ஒரு பேசும் எருமை. நன்றாகத்தான் செய்கிறான்.

ஆனால் ஏழாற்று நாட்டில் அந்த மதியம் அப்படியே இருக்கிறது. ஆதிரன் நிற்கிறான். பக்கத்தில் மருத்துவச்சி, அவளுக்குப் பின்னால் பாதி நிமிர்ந்த ஒரு திருடன். விடுதலையான நாற்பதாயிரம் பேரும் வாயை மூடிக்கொண்டு உங்களைப் பார்க்கிறார்கள்.

ஆம், உங்களைத்தான். குரல் இல்லாமல் கிடக்கிற அந்தப் பாத்திரத்தை இனி நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் உப்பாகிவிட்டது. உங்கள் முன்னால் நிற்பவன் நல்லவன். உங்களை நினைக்காமல் விட்டவனும் அவன்தான். நீங்கள் கேட்டதற்கு உண்மையைச் சொல்லிவிட்டான். உட்காரச் சொல்லலாம், நிற்கவிடலாம், வேறொன்று கேட்கலாம், கெட்ட குரலில் ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் படகுக்குத் திரும்பலாம். அவசரமே இல்லை.

ஒன்றே ஒன்று. பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.